ரத வீதிக்குள்ள காருக்குக் காசு

வாட்ஸ்அப் குழு: மேல ரத வீதிக் குடும்பம், திருநெல்வேலி டவுண்

பெரியப்பா (மாலை 6.12): வீட்டுல கெளம்பி 25 நிமிஷம் ஆச்சு. இன்னும் வாகையடி முனை வரல. முன்னால ஒருத்தன் ஒத்த ஆளா கார்ல உக்காந்து ஏசியப் போட்டுக்கிட்டு போன் பேசுதான். இவனுக்கெல்லாம் அபராதம் போடணும்.

கண்ணன்: மாமா, வண்டி ஓட்டிக்கிட்டா டைப் பண்ணுதிய?

பெரியப்பா: வண்டி எங்கல ஓடுது?

செந்தில் (நியூ ஜெர்சி): பெரியப்பா, இங்க அபராதம்னு சொல்லாம வாங்குதான்வ. நியூயார்க் மன்ஹாட்டன்ல 60ஆம் தெருவும் அதுக்குத் தெக்கயும் கார் நுழைஞ்சா பகல்ல 9 டாலர். 2025 ஜனவரி 5லருந்து. ராத்திரி 2.25.

செல்வி அத்தை: 9 டாலர்னா எவ்வளவுல?

செந்தில்: 700 ரூவாய்க்கு மேல அத்தை.

செல்வி அத்தை: எம்மாடி! நெல்லையப்பரே அவ்வளவு கேக்க மாட்டாரு.

கண்ணன்: மாப்ள, என்னைய மாதிரி வாடகை வண்டிக்கு?

செந்தில்: டாக்ஸிக்கு நடைக்கு 75 சென்ட், ஊபர் மாதிரி ஆப் வண்டிக்கு ஒன்றரை டாலர். ஏறுதவன் தலைலதான் அத்தான்.

கண்ணன்: ஏறுதவன் தலைன்னா என் தலைதான். டவுண்ல இருந்து ஜங்ஷனுக்கு பத்து ரூவா கூடக் கேட்டாலே எறங்கி நடக்காவ.

பெரியப்பா: 1843ல சுலோசன முதலியார் கைக்காசப் போட்டு ஆத்துப் பாலம் கட்டுனாரு. இப்ப இருக்க ரோட்டுல போகக் காசா?

செந்தில்: அது லண்டன் வாட்டர்லூ பாலம் மாதிரி கட்டுனதுன்னு நீங்கதான சொல்லுவிய? அந்த வாட்டர்லூ பாலத்துல 1878 வரைக்கும் சுங்கம் வாங்குனான்வ 😄 2003லருந்து நடு லண்டனுக்குள்ள போற காருக்கும் காசு உண்டு.

பெரியப்பா: என் வீடே மேல ரத வீதில. வீட்டுக்கு வர நான் காசு கொடுக்கணுமோ?

செந்தில்: லண்டன்ல உள்ள குடியிருக்கவனுக்கு 90 சதவீதம் தள்ளுபடி. நியூயார்க்குல அப்படிக் கெடையாது. இந்தக் காசையே எதுத்து எங்க நியூ ஜெர்சி அரசாங்கமே கேஸ் போட்டுச்சு. ஆனா அந்தக் காசுல பெரும்பங்கு சப்வே ரயிலுக்கும் பஸ்ஸுக்கும்தான் போவுது. நான் ரயில்ல போறவன், எனக்கு நல்லதுதான்.

கண்ணன்: அதச் சொல்லு மொதல்ல!

ராஜி: ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோம்ல 2006ல ஏழு மாசம் இப்படிக் காசு வாங்கி சோதனை பண்ணுனாங்க. வண்டி அஞ்சுல ஒரு பங்கு கொறஞ்சுது. அப்புறம்தான் இது வேணுமா வேண்டாமான்னு ஜனங்கள ஓட்டுப் போடச் சொன்னாங்க. அதவிட முக்கியம், காசு கேக்கதுக்கு முன்னாலயே, 2005லயே பஸ்ஸக் கூட்டிட்டாங்க. இங்க சாயங்காலம் பாளையங்கோட்டைல இருந்து டவுண் பஸ்ல பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஏறிப் பாருங்க. ஒரு காலு படில, ஒரு காலு காத்துல. பஸ்ஸ விடட்டும், நானே மொத ஆளா காசு தாரேன்.

செல்வி அத்தை: ஆனித் தேரன்னைக்கு நாலு ரத வீதிலயும் ஒரு வண்டியும் விடதில்லையே. எல்லாரும் நடந்துதான வாரோம்?

கண்ணன்: அது தேரு எம்மா. தெனமும் தேரா ஓடுது?

பெரியப்பா: தெனமும் நிலைலதான் நிக்கி.

செல்வி அத்தை: 🌺 இனிய காலை வணக்கம் 🌺

கண்ணன்: எம்மா, மணி ஆறரை!

செல்வி அத்தை: கை பட்டுட்டுல.

ராஜி: அப்பா, ஒண்ணு கேக்கணும். உங்க கார்ல இப்ப எத்தன பேரு?

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா: முனை தாண்டிட்டேன். பச்சை விழுந்துட்டு. அப்புறம் பேசுதேன்.

ராஜி: வாகையடி முனைல ஏதுப்பா சிக்னலு 😂

செல்வி அத்தை: அண்ணே, வரும்போது கருவேப்பில வாங்கிட்டு வாங்க.