புதுப்பிப்பு: எப்சனா, டேண்டியா?

கரண்ட் போனாலும் எழுத, பேட்டரியில் ஓடும் பழைய கையடக்கக் கம்ப்யூட்டர்களில் எப்சன் எச்எக்ஸ்-20 நல்லதா, டேண்டி மாடல் 100 நல்லதா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டையும் கும்பகோணம் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பார்த்தாயிற்று.

எப்சனுக்குள்ளேயே இருக்கும் பிரிண்டர் செத்துவிட்டது என்று அப்போது எழுதியது என் தப்பு. ரிப்பன் மைதான் காய்ந்திருந்தது. புது ரிப்பன் போட்டதும் குட்டித்தாளில் கரகரவென்று அடிக்கிறது. "பஸ் டிக்கெட் மெஷினாடா?" என்றார் அப்பா. ஆனால் திரையில் 4 வரி, வரிக்கு 20 எழுத்துதான். ஒரு கடிதம் அடிப்பதற்குள் கண் பூத்துவிடும்.

1983-இல் வந்த மாடல் 100-இல் 8 வரி, வரிக்கு 40 எழுத்து. நான்கு பென்டார்ச் செல் போதும், தெருமுனைக் கடையிலேயே கிடைக்கிறது. எழுத இதுதான். எழுதியதை இன்றைய கம்ப்யூட்டருக்கு மாற்ற, அதன் 25 ஊசி ஆர்எஸ்-232 வாய்க்கு (கேபிள் செருகும் பழைய வகை இணைப்பு) யுஎஸ்பி கேபிள் ஆர்டர் சொல்லியிருக்கிறேன், அப்புறம் எழுதுகிறேன்.