2-ஆம் குரோமோசோமில் ஓர் எழுத்து மாறினால் 11-ஆம் குரோமோசோமில் உள்ள மரபணுவுக்கு எப்படித் தெரியும்?

நீள்இழை கேட்டது:

இரண்டு நாளாக இதுதான் மண்டையைக் குடைகிறது. மரபணுவுக்கு முன்னால் இருந்து அதை இயக்கத் தொடங்கும் புரமோட்டரில் டிஎன்ஏவின் ஓர் எழுத்து மாறினால் அந்த மரபணுவின் வேலை கூடும், குறையும், அதுவரை புரிகிறது. ஆனால் சிசு ஹீமோகுளோபின் அளவை மாற்றும் மாறுபாடு ஒன்று 2-ஆம் குரோமோசோமில் இருக்கிறதாம், அந்தச் சிசு ஹீமோகுளோபினில் இருக்கும் காமா சங்கிலியைச் செய்யும் மரபணுக்களோ 11-இல். இரண்டுக்கும் நடுவே ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அப்புறம் எப்படி? டிஎன்ஏ வளைந்து போய்த் தொடும் என்று ஒருவர் விளக்கினார். வேறு குரோமோசோம் வரைக்குமா வளையும்?

கருவறை_வாசகன்:

நல்ல கேள்வி. நீங்கள் குழம்பியதற்குக் காரணம் 'தூரம்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டு வைத்திருக்கிறோம்.

அந்த நண்பர் சொன்ன வளைவு ஒரே குரோமோசோமுக்குள் நடப்பது. ஒரு செல்லின் டிஎன்ஏவை நீட்டினால் சுமார் 2 மீட்டர், அதை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத உட்கருவுக்குள் சுருட்டி வைத்திருக்கிறது. கொஹீசின் என்ற வளையம் இழையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போகும், சிடிசிஎஃப் புரதம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நிற்கும், இப்படித்தான் தொலைவில் இருக்கும் என்ஹான்சர், அதாவது மரபணுவின் வேலையைத் தூண்டிவிடும் டிஎன்ஏ துண்டு, மரபணுவின் பக்கத்தில் வந்து சேர்கிறது. எனக்குப் பிடித்த உதாரணம் கை விரல். சோனிக் ஹெட்ஜ்ஹாக் மரபணுவைக் கருவின் கை மொட்டில் இயக்கும் என்ஹான்சர் அதிலிருந்து சுமார் 10 லட்சம் எழுத்து தள்ளி, எல்எம்பிஆர்1 என்ற வேறொரு மரபணுவின் நடுவில் இருக்கிறது. வழக்கமாக அது சுண்டுவிரல் வரப்போகும் பக்கத்தில் மட்டும்தான் வேலை செய்யும். அதில் ஒரே ஓர் எழுத்து மாறினால்கூடக் கட்டைவிரல் பக்கத்திலும் இயங்க ஆரம்பித்து, குழந்தை கூடுதல் விரலோடு பிறக்கலாம். எல்எம்பிஆர்1 இதில் வெறும் வீட்டுக்காரர்தான்.

உங்கள் ஹீமோகுளோபின் கதை வேறு, அங்கே எதுவும் வளைந்து போய்த் தொட வேண்டியதில்லை. 2-ஆம் குரோமோசோமில் இருக்கும் மாறுபாடு பிசிஎல்11ஏ மரபணுவின் உள்ளேயே இருக்கும் ஒரு என்ஹான்சரில் விழுகிறது, அந்த என்ஹான்சர் சிவப்பணு உருவாகும் செல்களில் வேலை செய்வது. மாறுபாடு இருந்தால் அங்கே பிசிஎல்11ஏ புரதம் கொஞ்சம் குறைவாக உண்டாகும். அந்தப் புரதத்தின் வேலை என்ன? பிறந்த பிறகு 11-ஆம் குரோமோசோமில் போய் உட்கார்ந்து காமா குளோபின் மரபணுக்களை அடக்கி வைப்பது. அடக்குகிறவர் குறைந்தால் காமா கொஞ்சம் இயங்கிக்கொண்டே இருக்கும், சிசு ஹீமோகுளோபினும் கொஞ்சம் உண்டாகிக்கொண்டே இருக்கும். ஆக மாறுபாடு தொடுவது பக்கத்து மரபணுவைத்தான், அதன் புரதம்தான் ஊர் தாண்டிப் போகிறது. அரிவாள் செல் நோயிலும் பீட்டா தலசீமியாவிலும் பழுதாவது பெரியவர்களின் ஹீமோகுளோபினில் இருக்கும் பீட்டா சங்கிலி, அதன் இடத்தைக் காமா ஓரளவு நிரப்புவதால் இந்த மாறுபாட்டோடு பிறந்த நோயாளிகளுக்கு நோயின் கடுமை பொதுவாகக் குறைவு. 2023 கடைசியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற காஸ்கெவி சிகிச்சை நோயாளியின் ரத்தத் தண்டுச் செல்களை எடுத்து, கிரிஸ்பர் என்ற டிஎன்ஏ வெட்டும் கருவியால் வெட்டுவது இதே என்ஹான்சரைத்தான். இயற்கை கொஞ்சம் தளர்த்திய இடத்தை மனிதர்கள் கண்டுபிடித்து முழுசாகத் தளர்த்தியிருக்கிறார்கள், இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் புல்லரிக்கும்.

எண்_நோக்கி:

மேலே சொன்னது சரி. மாறுபாடு தன் குரோமோசோமிலேயே இருக்கும் மரபணுவை நேரடியாக மாற்றும் முதல் வகையை சிஸ் என்றும், நடுவில் ஒரு புரதம் போய் வேறு மரபணுவை மாற்றும் இரண்டாவதை டிரான்ஸ் என்றும் சொல்வார்கள். தரவோடு மல்லுக்கட்டுகிறவன் என்பதால் இதையும் சேர்க்கிறேன்: டிரான்ஸைப் பிடிப்பது மகா கஷ்டம். சிஸ் தேடும்போது ஒரு மரபணுவைச் சுற்றி 10 லட்சம் எழுத்துக்குள் பார்த்தால் போதும். டிரான்ஸ் என்றால் ஒரு கோடி மாறுபாடு, 20,000 மரபணு, எல்லா ஜோடியையும் சோதித்தால் 20,000 கோடி சோதனை. இத்தனையில் தற்செயலாகவே எத்தனையோ ஒத்துப்போகும், அதனால் 'இது உண்மை' என்று ஏற்கும் வாசலை மிக உயரமாக வைக்க வேண்டியிருக்கிறது, உண்மையான சின்ன விளைவுகள் அதைத் தாண்டுவதில்லை. 31,684 பேரின் ரத்தத்தைச் சேர்த்துப் பார்த்த ஈக்யூடிஎல்ஜென் ஆய்வில் கிட்டத்தட்ட 88% மரபணுக்களுக்கு சிஸ் விளைவு கிடைத்தது. நோய்களோடும் உடல் பண்புகளோடும் தொடர்புள்ள மாறுபாடுகளில் டிரான்ஸ் விளைவு தெரிந்தது மூன்றில் ஒரு பங்கு சொச்சத்துக்குத்தான்.

இன்னொரு பொறி செல் கலவை. ஒரு மாறுபாடு ரத்தத்தில் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு வகையின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது என்று வையுங்கள். ரத்தத்தை மொத்தமாக அளந்தால் நியூட்ரோபில்லுக்கே உரிய நூற்றுக்கணக்கான மரபணுக்கள் 'கூடியதாக'த் தெரியும். எந்தச் செல்லுக்குள்ளும் எதுவும் மாறியிருக்காது, தலை எண்ணிக்கைதான் மாறியிருக்கும். இதைக் கவனிக்காமல் டிரான்ஸ் என்று எழுதிவிடக் கூடாது, எழுதிவிடுகிறார்கள்.

நீள்இழை:

இப்போது தெளிவாகிறது, இருவருக்கும் நன்றி. ஒன்றே ஒன்று: மாறுபாடும் மரபணுவும் ஒரே குரோமோசோமில் ரொம்பத் தள்ளி இருந்தால் சிஸ்ஸா டிரான்ஸா என்று எப்படிச் சொல்வது?

எண்_நோக்கி:

தூரத்தை வைத்துச் சொல்வது ஒரு வசதிக்குத்தான். உண்மையான சோதனை வேறு. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. மாறுபாடு ஒரு பிரதியில் மட்டும் இருக்கிற ஆளை எடுத்து, அந்த மரபணு இயங்கும்போது அதிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்என்ஏவை எண்ணுங்கள். இரண்டு பிரதிகளுக்கும் நடுவே ஓர் எழுத்து வித்தியாசம் இருந்தால் எந்த ஆர்என்ஏ எதிலிருந்து வந்தது என்று பிரித்துவிடலாம். மாறுபாடு இருக்கும் அதே குரோமோசோமின் பிரதியிலிருந்து வரும் ஆர்என்ஏ மட்டும் கூடினாலோ குறைந்தாலோ சிஸ். இரண்டும் சேர்ந்து மாறினால் நடுவில் ஏதோ ஒரு புரதமோ ஆர்என்ஏவோ கிளம்பிப் போயிருக்கிறது, அது டிரான்ஸ்.