புதுப்பிப்பு: இரண்டு குட்டிகளோடு மேஜிக் கிங்டம் போய் வந்தோம்

எட்டு மாதக் கைக்குழந்தையையும் இரண்டரை வயது மகளையும் தூக்கிக்கொண்டு ஃபுளோரிடா டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவுக்குப் போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். "கொஞ்சம் வளரட்டும்" என்றவர்கள்தான் அதிகம். சரி, போய் வந்துவிட்டோம். ரொம்ப சந்தோஷம்.

மூன்று வயது ஆகாததால் இருவருக்கும் டிக்கெட் தேவைப்படவில்லை. எங்களைக் காப்பாற்றியது கிரிஸ்டல் பேலஸ் உணவகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குழந்தைப் பராமரிப்பு மையம். குளுகுளு ஏசி, பாலூட்டத் தனி அறை, மைக்ரோவேவ், உயர நாற்காலி எல்லாம் உண்டு. கொண்டுபோன பருப்பு சாதத்தை அங்கேதான் சூடாக்கினேன். சின்னவன் நாலு வாய் வாங்கியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். மோவாயில் ஒரு பருக்கை ஒட்டியபடியே.

ரைடர் ஸ்விட்ச், அதாவது பெற்றோர் ஒருவர் மாற்றி ஒருவர் சவாரி போகும் ஏற்பாடு, பற்றிச் சொன்னவருக்குத் தனி நன்றி. ஏழு குள்ளர் சுரங்க ரயில் சவாரிக்கு 38 அங்குல உயரம் வேண்டும். கணவர் ஏறி வரும்வரை பிள்ளைகளை நான் பார்த்துக்கொண்டேன். அப்புறம் அந்த நீள வரிசையில் நிற்காமலே நானும் போய் வந்தேன்.

பொம்மைகள் நிறைந்த ஸ்மால் வேர்ல்ட் படகுச் சவாரியில் நால்வரும் சேர்ந்தே போனோம். மகள் ஒவ்வொரு பொம்மைக்கும் கையசைத்தாள்.

மதியம் இடியோடு மழை கொட்டியது. ஸ்ட்ரோலரின் மழை உறையை ஓட்டல் அறையிலேயே விட்டுவிட்டோம். நீங்கள் மறக்காதீர்கள்.