மறு: டைமிங் செயின் டென்ஷனருக்கு என்ன சொல்?

வணக்கம் ஐயா,

கார் எஞ்சினின் டைமிங் செயின் பற்றிய சொற்களுக்குத் தமிழில் இப்படி எழுதியிருந்தீர்கள்:

> டென்ஷனர் – இழுவிசையாக்கி
> செயின் ஸ்ட்ரெட்ச் – சங்கிலி நீட்சி
> கேம்ஷாஃப்ட் டைமிங் – நெம்புருள் தண்டுக் காலநிர்ணயம்

நெம்புருள் தண்டு இருக்கட்டும், பழகிவிட்டது. இழுவிசையாக்கிதான் இடிக்கிறது. அந்தச் சாமான் எதையும் இழுப்பதில்லையே!

காரைக்குடிப் பக்கம் பழைய அம்பாசடரை விடாமல் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. கல்யாண வீட்டுக்குப் போக ஆச்சிக்கு அந்த வண்டிதான் வேண்டும். அப்படி ஒரு 1489 சிசி பெட்ரோல் எஞ்சினின் முன்மூடியைப் போன வாரம் பட்டறையில் கழற்றினார்கள். பிஸ்டன்கள் சுற்றும் தண்டு கிராங்க்; வால்வுகளைத் திறக்கும் தண்டு கேம்; இரண்டையும் இணைப்பதுதான் டைமிங் செயின். கிராங்கின் பல்சக்கரம் செயினின் ஒரு பக்கத்தைப் பிடித்து இழுக்கிறது. எஞ்சின் ஓடும்போது அந்தப் பக்கம் விறைப்பாகவே இருக்கும். திரும்பி வரும் பக்கம்தான் தொய்கிறது. டென்ஷனர் உட்கார்ந்திருப்பது அங்கே. உள்ளே ஸ்பிரிங்கும் ஆயில் அழுத்தமும் தள்ள, ரப்பர் முகத்தைச் செயின்மேல் சாய்த்துக்கொண்டு நிற்கிறது. செயின் உரசி உரசி அந்த ரப்பரில் பள்ளமே விழுந்திருந்தது. மெக்கானிக் அண்ணன் அதைக் கையில் எடுத்துக் காட்டி, “தொய்வ அடக்குறது இதுதான்” என்றார். நமக்கு வேறென்ன வேண்டும்? என் பரிந்துரை: தொய்வடக்கி.

முன்பு ஒருவர் ‘விறைப்பி’ என்று எழுதியிருந்தார். சின்னச் சொல்தான், ஆனால் படிக்கிற பையன் அதை முடுக்கி விறைப்பாக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வான். இந்த எஞ்சினில் முடுக்குவதற்கு ஒன்றும் கிடையாது. ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) ரப்பர் தலையை உள்ளே இழுத்துப் பூட்டி, செயினை மாட்டி, பூட்டை விடுவித்தால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

‘நீட்சி’யும் வேண்டாம். இரும்பு ரப்பர் மாதிரி நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் ‘பின்’ (pin) என்னும் குச்சியும் அதைச் சுற்றிய ‘புஷ்’ என்னும் குழலும் தேய்கின்றன; அந்தச் சின்னச் சின்ன இடைவெளி எல்லாம் சேர்ந்துதான் செயின் நீளம் கூடுகிறது. அதனால் கேம் பின்தங்கும், வால்வு தாமதமாகத் திறக்கும், முன்மூடிக்குள் கடகடவென்று சத்தம் வரும். சங்கிலித் தேய்வு என்றே எழுதலாம்.

டைமிங்கில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. வால்வு எப்போது திறக்கும் என்பதை எஞ்சின்காரர்கள் கிராங்கின் பாகைக் கணக்கில்தான் சொல்கிறார்கள்; அதற்குத் திறப்புக் கோணம் என்று வைக்கலாம். பட்டறையில் செய்யும் வேலை வேறு: கிராங்க், கேம் இரண்டின் பல்சக்கரத்திலும் குறித்திருக்கும் புள்ளிகளை நேருக்கு நேர் நிறுத்திச் செயின் மாட்டுவது. அதைப் புள்ளிப் பொருத்தம் எனலாம், ஜாதகக்காரர்கள் மன்னிக்கட்டும். கிராங்க் இரண்டு சுற்றுக்குக் கேம் ஒரு சுற்று என்பதால், மாட்டிய பிறகு கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பொருத்தத்தைச் சரிபார்க்க வேண்டும் என்பதையும் விளக்கக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

செயினுக்குப் பதில் பெல்ட் ஓடும் எஞ்சின்களுக்கும் தொய்வடக்கி போதும் என்று நினைக்கிறேன். பைக் மெக்கானிக்குகள் யாராவது குழுவில் இருந்தால், அவர்கள் பக்கம் என்ன சொல்கிறார்கள் என்று எழுதுங்கள்.