ரானியேரி: லெஸ்டர் சீசன் வெறும் லக்கா, இல்ல நிஜமாவே பெரிய கோச்சா?

பெரம்பூர் லெஃப்ட்பேக்:
வணக்கம் மக்களே. ஆபீஸ் கேன்டீன்ல ஆரம்பிச்ச சண்டை, இன்னும் முடியல. இத்தாலிக்காரரு கிளாடியோ ரானியேரி பெரிய மேனேஜர் (கோச்)னு நான் சொன்னேன், 90ஸ்ல இருந்து இத்தாலியோட டாப் லீக் சீரி ஆ பாக்குற ஒரு அண்ணன் இருக்காரு, அவரு சிரிச்சிட்டு "லெஸ்டர்ல ஒரு வருஷம் காத்து அடிச்சுது, அத விட்டா முதல் டிவிஷன்ல வேற எங்க லீக் ஜெயிச்சான், காட்டு"ன்னுட்டாரு. பாத்தா உண்மைதான், இல்ல. செல்சீ, யுவெண்டஸ், ரோமா, இன்டர், மொனாக்கோன்னு எவ்ளோ பெரிய டீம், ஆனா டாப் லீக் டைட்டில், 2016ல லெஸ்டரோட ஜெயிச்ச இங்கிலீஷ் பிரீமியர் லீக் மட்டும்தான். நான் கால்பந்து ஒழுங்கா பாக்க ஆரம்பிச்சதே அந்த சீசன்லதான், அதனால முன்னாடி கதை தெரியாது. தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க, திங்கக்கிழமை பதில் சொல்லணும்.

வியாசர்பாடி விங்கர்:
தம்பி, கப் எண்ணிக்கைய வெச்சு பேசுனா அந்த அண்ணன்தான் ஜெயிப்பாரு, அந்தப் பக்கமே போகாத. ரானியேரி கேரியர்ல பாக்க வேண்டியது, அவரு போனப்புறம் அந்த டீம் என்ன ஆச்சுன்னு. ஸ்பெயின்ல வலென்சியாவுக்கு 1997ல போறாரு, மெண்டியெட்டா, கிளாடியோ லோபஸ்லாம் வெச்சு ஓடி அடிக்கிற டீமா மாத்துறாரு, 1999ல ஸ்பெயின் கப்பான கோப்பா டெல் ரே ஃபைனல்ல அட்லெட்டிகோவ 3-0 அடிக்கிறாங்க, அவரு கிளம்புறாரு, அடுத்து வந்த ஹெக்டர் கூப்பர் 2000, 2001 ரெண்டு வருஷமும் சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் போறாரு. செல்சீயிலயும் அதேதான். லாம்பார்ட வெஸ்ட் ஹாம்ல இருந்து தூக்கினது இவரு, டெர்ரிய ரெகுலரா ஆட வெச்சது இவரு, செக், ராபன் டீல்லாம் இவரு இருக்கும்போதே பேசி முடிச்சது. 2003 கடைசி மேட்ச்ல லிவர்பூல 2-1 அடிச்சு சாம்பியன்ஸ் லீக் போனாங்க, அதுக்கப்புறம்தான் ரஷ்யக் கோடீஸ்வரர் அப்ரமோவிச் கிளப்ப வாங்குனாரு. 2004ல செகண்ட், அதுவும் ஒரு மேட்ச் கூட தோக்காத ஆர்செனலுக்குப் பின்னாடி. அதுக்கு பரிசு வேலை போச்சு, அடுத்த கோச்சா மொரீனியோ வந்து ஸ்பெஷல் ஒன் ஆயிட்டாரு. சமைச்சது ஒருத்தன், பந்தியில பேரு வாங்குனது இன்னொருத்தன்.

நைட் ஷிப்ட் நுங்கம்பாக்கம்:
@வியாசர்பாடி அண்ணே, பாதி கதைதான் சொல்றீங்க. அதே 2004ல சாம்பியன்ஸ் லீக்ல செல்சீ - மொனாக்கோ செமிஃபைனல் பாத்தீங்களா? ஸ்கோர் 1-1, எதிர்ல பத்து பேருதான், பேசாம இருந்தாலே போதும், இவரு மாத்தி மாத்தி ஆள இறக்கி 3-1 தோத்துட்டு வந்தாரு. சும்மாவா டிங்கர்மேன் (ஓயாம ஆள மாத்துறவன்)னு பேரு வெச்சான் இங்கிலீஷ்காரன். கிரீஸ் நேஷனல் டீம்ல நாலு மேட்ச், ஒரு ஜெயம் கூட இல்ல, வீட்டுலயே ஃபாரோ தீவுகள்கிட்ட 1-0. ஃபுல்ஹாம், வாட்ஃபோர்ட் ரெண்டுலயும் சீசன் முடியறதுக்குள்ள மூட்டை கட்டியாச்சு. லெஸ்டர எடுத்தாலும், முந்தின சீசன்ல கடைசி ஒம்போது மேட்ச்ல ஏழு ஜெயிச்சு, ரெலிகேஷன்ல (கீழ் டிவிஷனுக்கு இறங்குறதுல) இருந்து காப்பாத்துனது அப்ப கோச்சா இருந்த நைஜல் பியர்சன். முக்கியமான ஆட்டக்காரங்க மாரெஸ், வார்டி ரெண்டு பேரும் ஏற்கனவே அங்கதான் இருந்தாங்க. ரெடியா இருந்த வண்டில ஏறி உக்காந்தாரு, அவ்ளோதான்.

(இத்தாலி கோச்னா எனக்கு நம்ம சென்னையின் எஃப்சி மாடெராஸிதான். 2015 டிசம்பர் 20, கோவால ஐஎஸ்எல் ஃபைனல், மெண்டோசா கடைசி நேரத்துல அடிச்சது, 3-2. வெள்ளத்துக்கு அப்புறம் ஊருக்கே வந்த ஒரே நல்ல சேதி.)

வியாசர்பாடி விங்கர்:
மாடெராஸிக்கு தனி த்ரெட் போடு ராசா, நானே வந்து நாலு பக்கம் எழுதுறேன்.

ஜிம்கானா பின்பக்கம்:
ரெடி வண்டின்னு சொன்னவருக்கு ஒண்ணு. 2015 செப்டம்பர்ல ஆர்செனல் லெஸ்டர 5-2 அடிச்சுது ஞாபகம் இருக்கா? அதுவரைக்கும் கோல் போடுவாங்க, வாங்கவும் வாங்குவாங்க. அந்த மேட்சுக்கப்புறம்தான் ரெண்டு ஃபுல்பேக்கையும் (ரெண்டு ஓரத்துலயும் நிக்கிற டிஃபெண்டர்) மாத்துனாரு. டி லேட், ஷ்லுப் வெளிய, சிம்ப்சன், ஃபூக்ஸ் உள்ள. முன்னாடி போறத குறைச்சு, கோட்டு கிட்டயே நில்லுன்னு சொன்னாரு. ஒரு கோல் கூட வாங்காம ஒரு மேட்ச் முடிங்க, பீட்சா வாங்கித் தரேன்னாரு, கிரிஸ்டல் பேலஸ 1-0 அடிச்சதும் கூட்டிட்டுப் போயி அவங்களையே மாவு பிசைய வெச்சாரு. அப்புறம் மார்ச்ல இருந்து ஏப்ரல் ஆரம்பம் வரைக்கும் வரிசையா நாலு மேட்ச் 1-0. டிங்கர்மேன் ஆள மாத்தவே இல்ல! கடைசில 81 பாயின்ட், ஆர்செனல விட பத்து அதிகம். ஆரம்பத்துல 5000க்கு 1ன்னு பெட்டிங் வெச்சிருந்த டீம். லெஸ்டருக்கு டைட்டில உறுதி பண்ணுன செல்சீ - டாட்டன்ஹாம் 2-2 நமக்கு நடுராத்திரி பன்னெண்டரைக்கு ஆரம்பிச்சுது, வெளிய எலெக்ஷன் பிரச்சார வண்டி சத்தம் அப்பதான் அடங்கியிருந்துது, நான் வாயப் பொத்திக்கிட்டு குதிச்சேன்.

ஆனா என்ன கேட்டா, அவரு தில்லு தெரியறது லெஸ்டர்ல இல்ல, 2010 ஏப்ரல் ரோமா - லாட்ஸியோ டெர்பில (ஒரே ஊரு டீம் ரெண்டு மோதுற மேட்ச்). ரோமா டேபிள் டாப், ஹாஃப் டைம்ல 1-0 பின்னாடி. ரோமா ஸ்டார்கள் டோட்டி, டெ ரோஸி ரெண்டு பேரையும் வெளிய உக்கார வெச்சுட்டாரு. ரெண்டு பேருமே ரோம்லயே பொறந்து வளந்த பசங்க, ரானியேரியும் அந்த ஊருதான். தோத்திருந்தா தெருவுல நடந்திருக்க முடியாது. டெர்பி சூட்டுல இவனுங்க நிதானம் இழந்துட்டானுங்கன்னு பாத்துட்டாரு. வூசினிச் ரெண்டு கோல், 2-1. அடுத்த வாரமே வீட்டுல சாம்ப்டோரியாகிட்ட தோத்து, மொரீனியோவோட இன்டர்கிட்ட ரெண்டு பாயின்ட்ல லீக் போச்சு, அது வேற வயித்தெரிச்சல்.

காலியரியையும் அந்த அண்ணன்கிட்ட சொல்லு. 1988ல மூணாவது டிவிஷன்ல எடுத்து ரெண்டே வருஷத்துல சீரி ஆவுக்கு கொண்டு போனாரு. 2023ல திரும்ப அதே கிளப், பாரி ஊர்ல, சீரி ஆவுக்கு மேல போறதுக்கான பிளேஆஃப் ஃபைனல், டிரா ஆனா பாரிதான் மேல போகும், 94வது நிமிஷம் பாவோலெட்டி அடிக்கிறான். மனுஷன் அழறாரு. அப்பவும் எதிர் டீம கிண்டல் பண்ணாதீங்கன்னு தன்னோட ரசிகர்கள்கிட்ட போய் சொன்னாரு.

நைட் ஷிப்ட் நுங்கம்பாக்கம்:
சரி, டெர்பி மேட்டர் ஒத்துக்கலாம். ஃபுல்பேக் விஷயம் கூட ஓகே. கிரீஸுக்கு மட்டும் யாரும் பதில் சொல்லல பாருங்க 😄

வியாசர்பாடி விங்கர்:
கிரீஸுக்கு பதில் இல்ல. அவரு கோச்சா இருந்த அட்லெட்டிகோவ வேணா சொல்றேன், 2000ல ரெலிகேட் ஆன சீசன்ல கிளப்ப கோர்ட் போட்ட ஆள் நடத்திட்டு இருந்தாரு, அத அவரு கணக்குல முழுசா எழுதாத.

பெரம்பூர் லெஃப்ட்பேக்:
நன்றி அண்ணன்களா. ரோமா கடைசி ரவுண்டையும் நானே சேத்துக்கறேன், 2024 நவம்பர்ல 73 வயசுல வந்து 12வது இடத்துல இருந்தத அஞ்சாவதுக்கு இழுத்தாரு, சாம்பியன்ஸ் லீக் ஒரே பாயின்ட்ல மிஸ். கிரீஸ அவரு எழுப்புற வரைக்கும் நான் வாய தொறக்க மாட்டேன். 2010 டெர்பி முழு மேட்ச் யார்கிட்டயாவது இருந்தா லிங்க் போடுங்க, ஹைலைட்ஸ் வேணாம், செகண்ட் ஹாஃப் முழுசா வேணும்.