கார்டு, அடகு, சீட்டு மூணும் ஒண்ணா கழுத்த புடிக்குது, எதை முதல்ல முடிக்கிறதுங்க?

லேத்துக்காரன்_கோவை

எல்லாருக்கும் வணக்கங்க. இத்தன நாளா படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இன்னிக்குத்தான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்குங்க. சிங்காநல்லூர் பக்கம் ஒரு பம்ப் கம்பெனில மெஷின் ஷாப்ல இருக்கேன், பிடித்தம் போக கைக்கு 34,000 வருது. வீட்ல ஜாக்கெட் தைக்கிறாங்க, சராசரியா 4,500 தேறும், முகூர்த்த மாசம்னா கூட வரும், ஆடி மார்கழின்னா மெஷின் மேல துணி மூடியே கிடக்கும். பொண்ணு நாலாவது படிக்குது.

இப்ப கடன் கதை. அம்மா ஆபரேஷனுக்கு எடுத்த பர்சனல் லோன் இஎம்ஐ 8,900, இன்னும் 26 மாசம் இருக்குங்க. கிரெடிட் கார்டுல 86,000 நிக்குது, இது ரெண்டு வருஷம் முன்னாடி அக்கா பெரிய பொண்ணு தெரட்டிக்கு (வயசுக்கு வந்த விசேஷம்) தாய்மாமன் சீர்னு செயின் எடுத்தது, மாசாமாசம் மினிமம் 4,300 கட்டிட்டுத்தான் இருக்கேன் ஆனா தொகை நகரவே மாட்டேங்குது, என்ன மாயமோ தெரியல. அடகுக்கடைல நாலரை பவுன் 1,20,000க்கு ரெண்டு வட்டில இருக்கு, மாசம் 2,400. வாடகை 7,500. இது போக ஏரியா அக்கா ஒருத்தங்க புடிக்கிற 1 லட்ச ரூபா சீட்டு, இருபது மாசம், மாசாமாசம் ஏலம், யாரு அதிகமா தள்ளி (விட்டுக்குடுத்து) கேக்கறாங்களோ அவங்களுக்குப் பணம், அந்தத் தள்ளு போக மாசம் 4,300 மாதிரி வருது, பத்து மாசம் கட்டிட்டேன் இன்னும் எடுக்கல. எல்லாம் போக 11,000 கிட்டதான் நிக்குது, அதுலதான் மளிகை, கேஸ், பெட்ரோல், ஸ்கூல் வேன், மாத்திரை எல்லாம்.

கம்பெனில டீ குடிக்கறத நிறுத்திட்டேன், பொண்ணுக்கு வாங்கற பிஸ்கட்ட கூட எண்ணித்தான் தர்றோம், அப்படியும் இருபதாம் தேதிக்கு மேல கைமாத்துதான். கேள்வி என்னன்னா, சீட்ட இப்பவே தள்ளி எடுத்து கார்ட அடைக்கலாமா, இல்ல கடைசி வரைக்கும் வெச்சிருந்து நகைய மீட்கலாமா? தை மாசம் அக்காவோட ரெண்டாவது பொண்ணுக்கு தெரட்டி வெச்சிருக்காங்க, அதுக்கும் சீர் செய்யணும். நெனச்சா தூக்கம் வரமாட்டேங்குதுங்க.

நைட்_ஷிப்ட்

ப்ரோ மொதல்ல அந்த டீய திரும்ப குடிக்க ஆரம்பிங்க. ஒரு நாளைக்கு ரெண்டு டீ, மாசம் எழுநூறு எண்ணூறு ரூபா, அத நிறுத்திட்டு மனுஷன் கடுகடுன்னு இருக்கறதுதான் மிச்சம். ஓட்டை அங்க இல்ல, கார்டுல இருக்கு.

சீட்ட எடுத்து கார்டு பாக்கிய அடைங்க, கையோட கார்டையும் கேன்சல் பண்ணுங்க, இது ரெண்டாவதுதான் முக்கியம். நான் பண்ண கூத்த சொல்றேன். 1,10,000 கார்டு பாக்கி இருந்துச்சு, பர்சனல் லோன் போட்டு மொத்தமா அடைச்சேன், அன்னிக்கு லிமிட் ஃபுல்லா ஃப்ரீயா காட்டுச்சு பாருங்க, ஏதோ சம்பளம் வந்த மாதிரி ஒரு ஃபீல். எட்டே மாசம், ஃபோன் ஒண்ணு, ஊருக்கு டிக்கெட்டு, ஆன்லைன்ல தள்ளுபடி அது இதுன்னு மறுபடி 70,000 ஏறிடுச்சு. இப்ப லோனும் கட்டறேன் கார்டும் கட்டறேன். என் பொண்டாட்டி கிட்ட இன்னும் பாதிதான் சொல்லிருக்கேன். யாருக்கும் இந்த நிலம வரக்கூடாது.

பழைய_கேஷியர்

தம்பி, பேங்க்ல 33 வருஷம் குப்பை கொட்டினவன் நான், ரிட்டயர் ஆகி இப்ப திருச்சில இருக்கேன். மாயமெல்லாம் ஒண்ணும் இல்லப்பா, கணக்குதான். கார்டுக்கு கார்டு மாறும், மாசத்துக்கு மூணரை சதவீதம் வட்டின்னு வச்சுக்கோ, அதாவது வருஷத்துக்கு 42. உன் 86,000க்கு மாச வட்டி 3,010, அதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி 542, ஆக 3,552. நீ கட்டற 4,300ல அசலுக்குப் போறது 748 ரூபாதான். இதுல இன்னொண்ணு, பாக்கி நிக்கிற வரைக்கும் அந்த நாப்பத்தஞ்சு அம்பது நாள் வட்டியில்லா சலுகை உனக்குக் கிடையாது, இன்னிக்கு அந்த கார்டுல நீ பெட்ரோல் போட்டா இன்னிலேர்ந்தே வட்டி ஓடும். ஸ்டேட்மென்ட்ட எடுத்து ஃபைனான்ஸ் சார்ஜ்னு போட்டிருக்கும், ஒரு தடவ பாரு.

சீட்டு விஷயம். கடைசி மாசம் வரைக்கும் காத்திருந்தா கமிஷன் போக 95,000 வரும்னு வச்சுக்கோ. இப்ப 14,000 தள்ளி எடுத்தா 86,000. ஒன்பதாயிரம் போச்சேன்னு தோணும். ஆனா அந்த ஒன்பது மாசத்துல கார்டுக்கு வட்டி மட்டுமே முப்பதாயிரத்துக்கு மேல கட்டியிருப்ப. இதுல யோசிக்க என்ன இருக்கு? அதோட இது ரிஜிஸ்டர் பண்ணாத ஏரியா சீட்டு, புடிக்கிறவங்க எவ்வளவு நல்லவங்களா இருந்தாலும் சரி, சீட்டு ஒடிஞ்சா எடுத்தவனுக்குத் தூக்கம் கெடாது, எடுக்காதவன்தான் வாசல்ல போய் நிக்கணும். ஆனா எடுத்தப்புறம் மீதி பத்து மாசமும் ஒழுங்கா கட்டிடணும், அது மரியாதை.

அடுத்தது நகை. ரெண்டு வட்டின்னா வருஷத்துக்கு 24 சதவீதம், அடகுக்கடைல மாசம் பொறந்து ஒரு நாள் ஆனாலும் முழு மாச வட்டி போட்டுருவான். அதே 1,20,000ஐ பேங்க் நகைக்கடனா மாத்தினா பத்து சதவீதம்னு வச்சாலும் மாசம் 1,000தான், 1,400 மிச்சம். உங்க பக்கத்து கூட்டுறவு சங்கத்துலயும் கேட்டுப் பாரு. சிக்கல் என்னன்னா முதல்ல அடகுக்கடைலேர்ந்து மீட்கணும், அப்பதான் பேங்க்ல வைக்க முடியும். நம்பிக்கையான ஆள் யார்கிட்டயாவது அரை நாளைக்குக் கைமாத்து வாங்கி, காலைல பத்து மணிக்கு மீட்டு, பேங்க்ல வச்சு, மத்தியானத்துக்குள்ள திருப்பிக் குடுத்துரலாம், நான் வேலைல இருந்தப்ப தினம் ஒருத்தராவது அப்படி வருவாங்க.

ரெண்டு எச்சரிக்கை. தங்கம் ஏறிக் கிடக்கறதால பேங்க்ல ரெண்டு லட்சத்துக்கு மேலயே தர்றேன்னு சொல்லுவாங்க, 1,20,000க்கு மேல ஒத்த ரூபா வாங்காத. அப்புறம் எல்லாத்தையும் ஒரே கடனா வைக்காத, வளையல் ஒண்ணு, ஆரம் ஒண்ணுன்னு தனித்தனி ரசீதா வை, கைல காசு சேரச் சேர ஒவ்வொண்ணா மீட்டுக்கலாம். மொத்தமா வச்சா மொத்தமா பணம் வர்ற நாள்தான் மீட்க முடியும், அந்த நாள் வர்றதே இல்ல.

பர்சனல் லோன இப்போதைக்குத் தொடாத, அது ஓடட்டும். யாராவது கார்டு பாக்கிய செட்டில்மென்ட் பண்ணிக்கலாம், பாதி கட்டுனா போதும்னு கூப்பிட்டா மயங்காத, சிபில்ல, அதாவது உன் கடன் ரிப்போர்ட்ல, செட்டில்டுன்னு விழுந்தா பின்னாடி வீட்டு லோனுக்குப் போறப்ப படுத்தும்.

லேத்துக்காரன்_கோவை

சார் ரொம்ப நன்றிங்க. 748னு பாத்ததும் ஸ்டேட்மென்ட்ட எடுத்து பாத்தேன், பைசா சுத்தமா அப்படித்தான் இருக்கு, ரெண்டு வருஷமா ஒரு லட்சத்துக்கு மேல கட்டிருக்கேன், அந்த செயின் விலைய விட ஜாஸ்தி. வீட்ல காட்டல. இன்னொரு சந்தேகம், வீட்டுச் செலவுல எங்க குறைக்கறதுன்னு யாராச்சும் சொல்லுங்க, கரண்டு பில்லுதான் ரொம்ப வருது, 1,600 1,700னு.

ஈரோட்டம்மா

தம்பி, கரண்டு இவ்வளவு வருதுன்னா ஹவுஸ் ஓனர் சப் மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு எட்டு, ஒம்பதுன்னு வாங்கறாரா பாருங்க. நமக்கு கவர்ன்மென்ட்டு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசமா குடுக்குது, சப் மீட்டர்ல இருக்கறவங்களுக்கு அது வந்து சேர்றதே இல்ல. சொந்த மீட்டரா இருந்தா 500 யூனிட்ட தாண்டாம பாத்துக்குங்க, ஒரு யூனிட் தாண்டுனாலும் அந்த நூறுலேர்ந்து இருநூறு வரைக்கும் இருக்கற கம்மி ரேட்டு போயிரும், அந்த ஒத்த யூனிட்டுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல தண்டம். நான் நாப்பதாம் நாள் போய் மீட்டர்ல நம்பர் பாத்துட்டு வந்து காலண்டர்ல எழுதிருவேன், அதுக்கப்புறம் பத்து நாளைக்கு கீசர் பக்கம் ஆருங்கூட போக மாட்டாங்க எங்கூட்ல.

சமையலுக்கு ரேஷன விட்றாதீங்க. துவரம் பருப்பு கிலோ 30 ரூபா, பாமாயில் 25 ரூபா, வெளில என்ன வெலைன்னு உங்களுக்கே தெரியும். நிறைய பேரு கூட்டத்துல நிக்கறதுக்கு வெக்கப்பட்டு போறதில்ல. ரேஷன் புழுங்கரிசி சோத்துக்கு புடிக்கலைன்னா இட்லிக்கு பாதிக்குப் பாதி கலந்து ஆட்டுங்க, நல்லா ஊற வெச்சு, வெந்தயம் ஒரு ஸ்பூன் போட்டீங்கன்னா பஞ்சு மாதிரி வரும், மாவு பாக்கெட் வாங்கறது முதல்ல நிக்கட்டும். வாரத்துல ரெண்டு நாள் ராத்திரி அரிசிம்பருப்பு சோறு, ஒரே குக்கர், பொரியல் வேண்டாம், மேல ரெண்டு சொட்டு நல்லெண்ணெய், ஊறுகாய், ஆயிப்போச்சு. கேஸும் மிச்சம். சிங்காநல்லூர்லயே உழவர் சந்தை இருக்குதே, மூடற நேரத்துக்குப் போங்க, கீரையும் தக்காளியும் சொன்ன வெலைக்கு தள்ளிட்டுப் போவாங்க, ஆனா அன்னிக்கே சமைச்சிரணும். உங்க வீட்டம்மா லைனிங் துணி வாங்க ஒப்பணக்கார வீதி போனா சாதா டவுன் பஸ்ல போகச் சொல்லுங்க, பொம்பளைங்களுக்கு 2021லேர்ந்து டிக்கெட்டே இல்ல, வண்டில போய் பெட்ரோல் எரிக்க வேண்டாம். ஆனா ஜாக்கெட் கூலி கடைசியா எப்ப ஏத்துனாங்கன்னு கேளுங்க. எங்க நாத்தனா மூணு வருஷமா ஒரே கூலிக்கு தெச்சிட்டிருந்தா, முப்பது ரூபா ஏத்துனா, ஒரு கஸ்டமர் கூட போகல.

பிஸ்கட்ட எண்ணிக் குடுக்காதீங்க கண்ணு. அது கொழந்த மனசுல நிக்கும்.

எல்லாத்தையும் விட அந்த சீருதான். இத ஆரும் தொடலையே. நம்ம பக்கம் தாய்மாமன் வெறுங்கையோட போய் நிக்க முடியாது, தெரியும். ஆனா நீங்க கார்டு தேச்சு செயின் போட்டது உங்க அக்காவுக்குத் தெரியுமா? தெரிஞ்சிருந்தா வாங்கிருப்பாங்களா? மச்சாங்கிட்ட போகாதீங்க, அக்காகிட்ட தனியா, விசேஷத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடியே சொல்லிருங்க. பட்டுப்பாவாட, தட்டு, பூ, பழம், மால, இது மாமன் சீரு, இத கொறையில்லாம செய்யுங்க. தங்கம் நகைய மீட்டதுக்கப்புறம் செய்யறேன்னு சொல்லுங்க. மத்த விசேஷத்துக்கெல்லாம் மொய் நோட்ட எடுத்து அவங்க உங்களுக்கு என்ன வெச்சாங்களோ அத மட்டும் வெய்ங்க, ஏத்தி வெக்காதீங்க. மூணு பேரா போகாம ஒருத்தர் போனா போதும்.

நைட்_ஷிப்ட்

ஈரோட்டம்மா, அந்த மீட்டர் நம்பர் காலண்டர்ல எழுதற மேட்டர் செம. நான் பில்லு வந்தப்புறம்தான் மீட்டர் எங்க இருக்குன்னே தேடுவேன்.

லேத்துக்காரன்_கோவை

மூணு வாரம் ஆச்சுங்க, சொல்லலாம்னு வந்தேன். சீட்டு எடுத்துட்டேன், ஆனா இன்னொருத்தர் ஏலத்துல ஏத்திவிட்டதுல 15,500 தள்ள வேண்டியதாப் போச்சு, 84,500தான் வந்துச்சு, மீதிக்கு வீட்ல தையல் காசு குடுத்தாங்க. கார்டு பாக்கி அடைச்சு, க்ளோஸ் பண்ணச் சொல்லி ஃபோன் பண்ணா வருஷ ஃபீஸ் இல்லாம தர்றோம், லிமிட் ஏத்தி தர்றோம்னு இருபது நிமிஷம் விடல. நைட்_ஷிப்ட் தம்பி சொன்னத நெனச்சிட்டே வேண்டாங்க வேண்டாங்கன்னே நின்னேன். ஸ்டேட்மென்ட்ட வீட்லயும் காட்டிட்டேன், ஒண்ணும் பேசல, மெஷின்ல போய் உக்காந்துட்டாங்க.

அக்காகிட்டயும் சொன்னேன். சரிடான்னு சொல்லி ஃபோன வெச்சிருச்சு. ரெண்டு நாள் கழிச்சு அதே கூப்பிட்டு பட்டுப்பாவாட கலர் என்னன்னு மட்டும் கேட்டுச்சு. மச்சான் இன்னும் பேசல. சப் மீட்டர்தான் அம்மா நீங்க சொன்ன மாதிரி, யூனிட்டுக்கு 9, கேட்டா வேற வீடு பாத்துக்கங்கன்னுட்டாரு.

கேஷியர் சார், நகைய மாத்தறதுக்கு எங்க கம்பெனி ஃபோர்மேன் அரை நாள் பணம் தர்றேன்னுட்டாருங்க, திங்கக்கிழமை போறேன். தனித்தனி ரசீதா வெச்சா அப்ரைசர் (நகைக்கு மதிப்பு போடறவர்) சார்ஜ் தனித்தனியா வருமுங்களா?

பழைய_கேஷியர்

வரும், கடனுக்கு ஒரு சார்ஜ். அதனால நாலஞ்சா பிரிக்காத, ரெண்டு போதும். வளையல் தனி, மத்ததெல்லாம் தனி. வளையல்ல கடன் கம்மியா இருக்கற மாதிரி வை, அதத்தான் முதல்ல மீட்கப்போற. ஆதாரும் பாஸ்புக்கும் எடுத்துக்கோ, திங்கக்கிழமை கூட்டமா இருக்கும், செவ்வாய்க்கிழமை போ. உங்க பக்கம் செவ்வாய்க்கிழமை நகை வெளில எடுக்க மாட்டோம்னு வீட்ல சொன்னாங்கன்னா புதன்.