புக்கானனா, ஜான்சனா? அமெரிக்காவின் மிக மோசமான அதிபர் யார்?

கரிசல்காட்டான்:
2021-இல் சி-ஸ்பான் தொலைக்காட்சி வரலாற்று ஆய்வாளர்களைக் கேட்டு அதிபர்களை வரிசைப்படுத்தியது. கடைசி இடம், அதாவது 44-ஆவது, ஜேம்ஸ் புக்கானனுக்கு. அவருக்கு ஒரு படி மேலே ஆண்ட்ரூ ஜான்சன். அந்த ஒரு படியை ஜான்சனுக்குக் கொடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. புக்கானன் உள்நாட்டுப் போர் மூளும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்றவர். ஜான்சனோ, போர் முடிந்து அடிமைகள் விடுதலையான பிறகு, அவர்கள் கையில் கிடைத்ததைத் தெரிந்தே பிடுங்கியவர்.

1865 ஜனவரியில் வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் ஓர் உத்தரவு போட்டார். தெற்குக் கரோலினா, ஜார்ஜியா கடலோரத்தில் தோட்ட முதலாளிகள் விட்டுவிட்டு ஓடிய நிலத்தை, குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை, விடுதலையான கறுப்பின மக்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். சுமார் 40,000 பேர் குடியேறினார்கள். உழுது, விதைத்து, அறுவடையும் பார்த்தார்கள். ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட, துணை அதிபராக இருந்த ஜான்சன் பதவிக்கு வந்தார். மே 29 அன்று, பிரிந்துபோய்ப் போரிட்ட தெற்கத்தியக் கலகக்காரர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்தார். மன்னிப்போடு நிலமும் பழைய முதலாளிக்கே திரும்பியது.

இதைச் சொல்ல தெற்குக் கரோலினா கடலோரத்து எடிஸ்டோ தீவுக்கு அனுப்பப்பட்டவர் ஜெனரல் ஹோவர்ட். போரில் வலது கையை இழந்தவர், அந்த மக்களுக்கு நல்லது செய்ய நினைத்தவர். அக்டோபரில் தீவின் தேவாலயம் நிரம்பி வழிந்தது. அவர் விஷயத்தைச் சொன்னதும் கூச்சல். பேச முடியவில்லை. ஒரு பெண் துயரப் பாட்டு ஒன்றை எடுக்க, எல்லோரும் சேர்ந்து பாடினார்கள். முதலாளிகளை மன்னித்துவிடுங்கள் என்று அவர் கேட்டதற்கு அந்த மக்களின் குழு பின்னர் கடிதத்தில் பதில் எழுதியது. உங்களுக்குப் போனது ஒரு கை, நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி 39 சவுக்கடி கொடுத்தவனை, என் தாயையும் சகோதரியையும் அடித்தவனை நான் எப்படி மன்னிப்பது என்று கேட்டிருந்தார்கள். அந்தக் கடிதத்தைப் படித்த பிறகு ஜான்சனைவிட மோசமான ஒருவரை என்னால் நினைக்க முடியவில்லை.

வேப்பம்பூ:
கரிசல் அண்ணே, எடிஸ்டோ பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் புக்கானன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார் என்பது பள்ளிப் புத்தகம் சொல்லும் கதை. அவர் சும்மா நிற்கவில்லை. வேலை பார்த்தார்.

1857 மார்ச் 4 அன்று பதவியேற்பு உரையில், அடிமைமுறை பற்றிய கேள்வி உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது, தீர்ப்பு எதுவானாலும் மனமுவந்து ஏற்பேன் என்றார். இரண்டே நாளில், மார்ச் 6 அன்று, விடுதலை கேட்டு வழக்குப் போட்ட அடிமை டிரெட் ஸ்காட்டின் வழக்கில் தீர்ப்பு வந்தது. கறுப்பினத்தவர், அடிமையானாலும் சுதந்திரமானவரானாலும், குடிமகனாக முடியாது என்றது. இன்னும் மாநிலமாகாத பிரதேசங்களில் அடிமைமுறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது. தீர்ப்பு என்னவாக இருக்கும் என்பது புக்கானனுக்கு முன்பே தெரியும். தன் மாநிலமான பென்சில்வேனியாவைச் சேர்ந்த நீதிபதி கிரியருக்குக் கடிதம் எழுதி, தெற்கத்திய நீதிபதிகளோடு சேரும்படி கேட்டவரே அவர்தான். கிரியரும் சேர்ந்தார். பதவியேற்கப் போகிற அதிபர் நடப்பு வழக்கில் நீதிபதிக்குக் கடிதம் எழுதுகிறார், பிறகு மேடையில் நின்று ஒன்றும் தெரியாதவர்போல் பேசுகிறார். இதற்குப் பெயர் செயலின்மையா?

அடுத்த ஆண்டு, மாநிலமாகக் காத்திருந்த கான்சாஸ். அடிமைமுறைக்காரர்கள் லெகாம்ப்டன் என்ற ஊரில் எழுதிய அரசியல் சட்டத்தை, பெரும்பாலான மக்கள் வேண்டாம் என்றபோதும், புக்கானன் தன் முழு பலத்தையும் போட்டுத் தள்ளினார். கடைசியில் 1858 ஆகஸ்டில் வாக்கெடுப்பு வந்தபோது எதிராக 11,000-க்கும் மேல், ஆதரவாக 2,000-க்கும் குறைவு. இந்தச் சண்டையில் சொந்தக் கட்சிக்காரரான செனட்டர் டக்ளஸைப் பகைத்துக்கொண்டார், கட்சி இரண்டானது. போருக்கான விறகை அடுக்கியவரே அவர்தான் என்பது என் வாதம்.

தென்றல்_72:
இரண்டு பேரும் 19-ஆம் நூற்றாண்டை விட்டு வெளியே வர மாட்டீர்களா? எனக்கு நிக்சன்தான். வாட்டர்கேட் ஊழலுக்காகச் சொல்லவில்லை. 1971-இல் கிழக்கு பாகிஸ்தானில் படுகொலை நடந்தபோது, டாக்காவில் இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட்டும் சக அதிகாரிகளும் ஏப்ரல் 6 அன்று வாஷிங்டனுக்குத் தந்தி அனுப்பினார்கள். நம் அரசு தார்மிகத்தில் தோற்றுவிட்டது என்று சொந்த அரசுக்கே எழுதினார்கள். நிக்சன் கேட்கவில்லை, பிளட்டைத்தான் இடம் மாற்றினார். டிசம்பரில் எண்டர்பிரைஸ் போர்க்கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பினார். என் அப்பா அந்த நாட்களில் ரேடியோவை விட்டு நகரவில்லை என்று அம்மா இன்றும் சொல்வார்.

கரிசல்காட்டான்:
தென்றல், மறுக்க மாட்டேன். ஆனால் அதே நிக்சன் காலத்தில்தான் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வந்தது, சீனாவோடு உறவு திறந்தது. தராசின் மறுதட்டில் வைக்க ஏதோ இருக்கிறது. ஜான்சனுக்கு என்ன இருக்கிறது? அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதுவும் அமைச்சர் சீவர்டின் வேலை.

தென்றல்_72:
கம்போடியாவில் ரகசியமாகக் குண்டு விழுந்த கிராமத்துக்காரனிடம் போய் முகமையைப் பற்றிச் சொல்லுங்கள். செத்தவன் அமெரிக்கனாக இல்லாவிட்டால் தராசே வேறு என்பதுதான் என் ஆதங்கம்.

பொன்மலையான்:
தென்றல் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். நான் இன்னொரு பெயரைச் சொல்கிறேன், அமெரிக்க மண்ணிலேயே. ஆண்ட்ரூ ஜாக்சன்.

அமெரிக்கப் பூர்வகுடிகளான செரோக்கி மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? செக்வோயா என்பவர் தனி ஆளாக அவர்கள் மொழிக்கு எழுத்து உருவாக்கினார், மொத்தம் 85 எழுத்து. சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலானோர் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். 1828-இல் நியூ எக்கோட்டா என்ற தலைநகரில் சொந்த மொழியில் பத்திரிகை. அரசியல் சட்டம், நீதிமன்றம், பள்ளி எல்லாம் இருந்தது. நாகரிகமடையுங்கள் என்று வெள்ளையர்கள் சொன்னதை எல்லாம் செய்தார்கள். 1830-இல் ஜாக்சன் பூர்வகுடிகளை மேற்கே அனுப்பும் வெளியேற்றச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பிரதிநிதிகள் சபையில் 102-க்கு 97. வெறும் ஐந்து ஓட்டு! அந்தக் காலத்து ஆட்கள் அப்படித்தான் நினைத்தார்கள் என்று சொல்பவர்களுக்கு இந்த 97 தான் என் பதில். 1832-இல் உச்ச நீதிமன்றம் செரோக்கிகள் பக்கம் நின்றது. ஜார்ஜியா மதிக்கவில்லை, ஜாக்சனும் மதிக்க வைக்கவில்லை. 1835-இல் ஜார்ஜியா காவல்படை அந்த அச்சகத்தையே தூக்கிக்கொண்டு போனது. ஓர் இனம் தன் மொழிக்கு எழுத்து உருவாக்கி, அச்சு கோத்து முடித்த ஏழே ஆண்டில் அச்சகத்தைப் பறிகொடுக்கிறது. தமிழில் எழுதுகிற நமக்கு அந்த வலி புரியாமல் போகுமா?

வேப்பம்பூ:
பொன்மலையான், செரோக்கிகளை மேற்கே விரட்டிய கண்ணீர்ப் பாதை நடந்தது 1838-39-இல். அப்போது அதிபர் வான் பியூரன்.

பொன்மலையான்:
ஆமாம் அக்கா, நடத்தியது வான் பியூரன். சட்டமும் ஒப்பந்தமும் ஜாக்சனுடையவை. 1835 கடைசியில், நிலத்தை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தத்தில் ஒரு சிறு குழுவிடம் கையெழுத்து வாங்கினார்கள். அது செல்லாது என்று தலைவர் ஜான் ராஸ் 15,000-க்கும் மேற்பட்டவர்கள் பெயரோடு மனு கொடுத்தார். செனட்டில் தேவையான மூன்றில் இரண்டு பங்கை ஒரே ஓட்டு வித்தியாசத்தில் எட்டி ஒப்பந்தம் நிறைவேறியது. சுமார் 16,000 பேர் விரட்டப்பட்டார்கள். வழியிலும் முகாமிலுமாக 4,000 பேர் வரை இறந்ததாகக் கணிக்கிறார்கள்.

கரிசல் அண்ணன் சொன்ன அதே வரிசையில் ஜாக்சன் 2000-ஆம் ஆண்டில் 13-ஆவது. 2021-இல் இறங்கியும் 22. எப்படி? அங்கே பத்துத் தலைப்பில் மதிப்பெண். மக்களை வசப்படுத்துவது, நிர்வாகத் திறன், தொலைநோக்கு என்று போகிறது. சம நீதி அதில் ஒன்று, அவ்வளவுதான். புக்கானனும் ஜான்சனும் எண்ணியதை முடிக்கத் தெரியாதவர்கள், அதனால் அடியில் கிடக்கிறார்கள். ஜாக்சன் எண்ணியதை முடித்தார். கொடுமையைத் திறமையாகச் செய்தவருக்கு நிர்வாகத்தில் மதிப்பெண் கிடைக்கிறது.

வேப்பம்பூ:
இதை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. ஆனால் கரிசல் அண்ணனுக்கு இதில் ஒரு கேள்வி வருகிறது. சட்டங்களைத் தடுக்க ஜான்சன் போட்ட வீட்டோக்களை நாடாளுமன்றம் மீறியது, 1866 குடிமை உரிமைகள் சட்டம் அப்படித்தான் வந்தது. கறுப்பினத்தவரைக் குடிமக்களாக்கிய 14-ஆம் அரசியல் சட்டத் திருத்தமும் அவர் எதிர்ப்பை மீறி 1868-இல் வந்தது. பதவி நீக்க விசாரணையில் ஒரே ஓட்டில் தப்பினார். அவர் தோற்ற அதிபர். தெற்கில் கறுப்பினத்தவரின் ஓட்டுரிமை பறிபோனது, மத்திய அரசு அங்கிருந்து கையை எடுத்த 1877-க்குப் பிறகு. நூறு வருடப் பழியை அவர் தலையில் கட்டுவது சரியா?

கரிசல்காட்டான்:
நியாயமான கேள்வி. ஓட்டு பிறகு வந்தது, பிறகு போனது, சரி. நிலம்? 1865 குளிர்காலத்தில் போன நிலம் திரும்ப வரவேயில்லை. அந்த நவம்பரில் மிசிசிப்பி போட்ட சட்டத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ஜனவரியும் கறுப்பினத்தவர் வேலைக்கான அத்தாட்சி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாடோடி என்று பிடித்து அபராதம், கட்டாவிட்டால் கூலிக்கு விடுவார்கள். சொந்த நிலம் இருந்தவனை இப்படிப் பிடிக்க முடியுமா? நிலம் இல்லாதவனின் ஓட்டை எடுப்பது சுலபம், வேலை தருபவன் மிரட்டினாலே போதும். நாடாளுமன்றம் விழித்துக்கொள்வதற்குள் ஜான்சன் முடித்துவிட்டார். பொன்மலையான் கணக்குப்படியே பார்த்தாலும், நிலத்தைப் பொறுத்தவரை அவர் தோற்கவில்லை, எண்ணியதை முடித்தவர்.

வேப்பம்பூ:
நிலம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். புக்கானனை இன்னும் விட மாட்டேன். 1860 டிசம்பரில் பிரிந்து போக மாநிலங்களுக்கு உரிமையில்லை, தடுக்க எனக்கும் அதிகாரமில்லை என்றார். ஜனவரி 9 அன்று சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் அரசின் படைவீரர்களை ஏற்றிவந்த கப்பலைச் சுட்டார்கள். கப்பல் திரும்பியது, அவர் பதிலடி கொடுக்கவில்லை. லிங்கன் வருவதற்குள் ஏழு மாநிலங்கள் போய்விட்டன. அடுத்த நான்கு ஆண்டில் 6 லட்சத்துக்கும் மேல் பிணம். எடிஸ்டோ தேவாலயத்தில் பாடிய பெண்ணுக்கு அந்தப் போரில் யாரெல்லாம் போனார்களோ.

பொன்மலையான்:
அந்த 6 லட்சம் பேரில் பலருக்குக் கல்லறையில் பெயராவது இருக்கிறது அக்கா. கண்ணீர்ப் பாதையில் புதைத்தவர்களுக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. ஜாக்சன் முகம் இன்றும் 20 டாலர் நோட்டில் இருக்கிறது. என் ஓட்டு அவருக்கே.